அப்பாவும் பப்புக்கு வரணும்

"என் பேரு இசக்கிமுத்து. வயசு இருபத்திமூணு. கொச்சி மட்டாஞ்சேரில இருக்கேன்."

அவன் பேசப் பேச, போனில் எழுத்தாக விழுந்தது. போன வாரம்தான் ஊரிலிருந்து கொத்து வேலைக்கு வந்திருந்த பாண்டித்துரை, பாயில் படுத்தபடி சிரித்தார்.

"ஏலே, வீட்டுக்குத்தான அனுப்புத? போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

"பதட்டமா இருக்கு அண்ணாச்சி" என்றவன் போனிடம் திரும்பினான். "அம்மா, ஹோட்டல் வேலைன்னு சொன்னேம்லா, அது பப்பு. அயர்லாந்து நாட்டு பாணில குடிக்கிற பார். நான் சப்ளையர். ஒண்ணாந்தேதி திறக்காங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

பாண்டித்துரை எழுந்து உட்கார்ந்தார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒங்கப்பா குடிய விட்டு ஏழு மாசந்தான ஆவுது?"

"நான் யூனிபார்ம்ல நிக்கத பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. எத்தன சாக்குச் சொல்ல?"

"அதுக்கு பாட்டிலுக்கு நடுவுலயா கூப்பிடுவ?"

"பாட்டிலு பூட்டிக் கெடக்கும் அண்ணாச்சி. கேரளால மாசாமாசம் ஒண்ணாந்தேதி எந்த பார்லயும் விக்கக் கூடாது. முதலாளி துபாய்ல இருந்துக்கிட்டே தேதி வச்சிட்டாரு. பத்திரிகை அடிச்ச பொறவுதான் அவருக்கே தெரிஞ்சுது. அன்னைக்கு வாரவங்களுக்கு சாயாவும் பழம்பொரி பஜ்ஜியுந்தான்."

பாண்டித்துரை மறுபடி பாயில் சாய்ந்தார். இசக்கிமுத்து போனைப் பார்த்தான். இருவரும் பேசியது அத்தனையும் அதில் எழுத்தாக இருந்தது. அழிக்கப் போனவன், அழிக்காமல் கடைசியாகச் சொன்னான்:

"அம்மாவோ தங்கச்சியோ, இத யாரு வாசிச்சாலும் சரி, பாட்டிலு பூட்டிக் கெடக்குத நாளுன்னுதான் வரச் சொன்னேங்கிற காரணத்த மட்டும் அப்பாகிட்டச் சொல்லிராதீங்க. மவன் கூப்பிடுதான்னு சொல்லுங்க, போதும்."