மடக்கிய கை

பயிற்சியின்போது யார் போனும் ஆனில் இருக்கக் கூடாது. இது வீடியோ கேம் டீமுக்கு மேனேஜர் ஷைஜு போட்ட சட்டம். பிந்தி வந்தாலோ, டீமிலேயே இடமில்லை.

அன்று கபிரியேல் பிந்தி வந்தான், ஒரு கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

"நாளைக்கு நாகர்கோவில்ல ஃபைனல். இப்பதான் வாறியா? கைய மடக்கிட்டு நிக்க திமிரப் பாரு!"

"அண்ணே, மொதல்ல போன ஆன் பண்ணுங்க..."

"எனக்கே சட்டம் படிப்பிக்கியா? நீ டீம்ல இல்ல, போலே!"

ஷைஜு அவனை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டான். கதவு படபடவென்று தட்டப்பட்டது. ஷைஜு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பயிற்சி முடிந்து போனை ஆன் செய்ததும் அம்மா அழைத்தாள்.

"மக்கா, சிந்தியாவுக்குத் திடீர்னு வலி வந்து, ஆஸ்பத்திரியில ஒனக்குப் பெண்பிள்ள பிறந்திருக்கு. ரத்தம் வேணும்னு சொன்னாவ. கபிரியேல்தான் ஓடி வந்து குடுத்தான். ஒன்னக் கூட்டியாறேன்னு அப்பமே வந்தானே, எங்கலே அவன்?"

தான் போட்ட தாழ்ப்பாளை நிமிர்ந்து பார்க்க ஷைஜுவுக்கு வெட்கமாக இருந்தது.