நூற்று நாற்பது பெங்குவின்கள்

"அந்த எடிட்டர் சாஃப்ட்வேரைத் தூக்கிக் கடாசு, நையரி!" சீஸ் ரோலை மென்றபடியே சொன்னான் ஃபெர்கஸ்.

நியூசிலாந்தின் ஓமாரு கடற்கரைக் கூடுகளில் எத்தனை பெங்குவின்கள் இருக்கின்றன என்று சென்சார் வழியாக எண்ணுவதுதான் இருவருக்கும் வேலை. நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போனால் அவை வண்டிகளில் அடிபடாமலிருக்கக் கரையோரச் சாலையை மூடியாக வேண்டும்.

நையரி தன் எடிட்டருக்குள் இருந்த ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் எண்ணும் கட்டளைத் தொடரை மூன்று முறை ஓட்டினாள். 131, 128, 133 என்று தடவைக்கு ஓர் எண் வந்தது.

"அதே கட்டளை, என் தனி டெர்மினல் விண்டோல மூணு தடவையும் நூத்தி நாப்பது. ரிப்போர்ட்ல இதான் போகும்" என்றான் ஃபெர்கஸ்.

"போகாது. என் ஷெல் மேல பழி போட விடமாட்டேன்."

தொடரை ஒவ்வொரு கட்டளையாகப் பிரித்துச் சோதித்தாள். எதிலும் பிசகில்லை. விருட்டென்று வெளியே போனவள், ஐந்து நிமிடத்தில் திரும்பினாள்.

"இப்ப ரெண்டு பேரும் ஓட்டுவோம்."

அவள் திரையில் பூஜ்யம். அவன் திரையில் நூற்று நாற்பது.

"உன்னுது மொத்தமாப் படுத்துடுச்சு!" ஃபெர்கஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

நையரி கோட்டுப் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து அவன் மேசையில் போட்டாள்.

"சென்சாரோட கேபிள். பிடுங்கிட்டு வந்துட்டேன். பெங்குவின் வந்து போறதாலதான் என் எண்ணு மாறுச்சு; உன்னுது கேபிளே இல்லாமலும் மாறல. பயிற்சி வகுப்புல குடுத்த பழைய ஃபைலைத்தானே இத்தனை நாளா எண்ணிக்கிட்டிருக்க? ரோட்டை மூடச் சொல்லி நான் எழுதறேன். நீ ரோலை முடி."