முதல் இறக்கைக்கு வந்த மரியாதை

விமானத் தொழிற்சாலையில் முதலில் செய்து முடித்த இறக்கைக்குத் தலைகால் புரியவில்லை. சந்தனப் பொட்டு வைத்து, சுற்றிலும் கேமரா பொருத்தி, இன்ஜினியர்கள் கூட்டமாக நின்றார்கள்.

"பார்த்தியாடி, எனக்குக் கிடைக்கிற மரியாதையை?" என்றது, மூலையில் தூசி படிந்து கிடந்த இரண்டாவது இறக்கையிடம்.

"உனக்கென்னக்கா, கொடுத்து வெச்சவ" என்று பெருமூச்சு விட்டது அது.

இயந்திரக் கைகள் முதல் இறக்கையின் நுனியைப் பிடித்து மேலே வளைத்தன. முதுகு விண்ணென்று வலித்தது. கேமரா பார்க்கிறதே என்று சிரித்துக்கொண்டது. இன்னும் வளைத்தார்கள். படீரென்று முறிந்து விழுந்தது.

கூடமே கைதட்டியது.

"சோதனையில நாம நினைச்சதுக்கு மேலேயே தாங்கிடுச்சு!" என்றார் தலைமை இன்ஜினியர். "இனிப் பயமில்லை. மூலையில கிடக்கிறதை எடுத்து விமானத்துல மாட்டுங்க."

"கேட்டியாடி?" என்றது தரையில் கிடந்த பாதி. "கைதட்டல் எனக்குத்தான்!"