பக்கத்து இருக்கைக்காரர்

போலீஸ்காரர் கை காட்டியதும் அவள் காரை ஓரங்கட்டினாள். பாவம், இன்றைக்கு ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் நாளைக்குச் சேர வேண்டிய வேன் ஓட்டும் வேலை கைவிட்டுப் போய்விடும்.

"எல் போர்டா? பழகுநர் லைசென்ஸை எடும்மா."

நீட்டினாள். சரியாக இருந்தது.

"ஏம்மா இப்படிப் பயப்படுற? நான் என்ன புலியா?"

"வழி நெடுக இப்படித்தான் சார்," என்றார் பக்கத்து இருக்கைக்காரர் கடுகடுவென்று. "கியரும் ஒழுங்கா விழல, கண்ணாடியும் பாக்கல. இவங்களுக்கெல்லாம் எதுக்கு வண்டி?"

போலீஸ்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"ரொம்பத்தான் பேசுறீங்களேண்ணே! பழகுறவங்க பக்கத்துல லைசென்ஸ் உள்ளவங்க இருக்கணும். எங்க, உங்களுதைக் காட்டுங்க."

அவர் பர்ஸைத் துழாவிக் கொடுத்தார். போலீஸ்காரர் முகத்தில் சிரிப்பு முளைத்தது.

"இது காலாவதியாகி எட்டு மாசம் ஆச்சே! நீங்க யாரு, இவங்க வீட்டுக்காரரா?"

அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"லைசென்ஸ் குடுக்குற ஆபீசர் சார். எனக்கு டெஸ்ட் வைக்கிறார்."

"நல்லா இருக்கு! இந்த வண்டியை ஓட்ட இங்க ஒருத்தருக்கும் லைசென்ஸ் இல்ல. ஸ்டேஷன் வரைக்கும் ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டு வாங்க."

ஆபீசர் அவசர அவசரமாக டெஸ்ட் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"எதுக்கு சார் தள்ளணும்? அம்மா அருமையா ஓட்டுவாங்க. இப்பத்தான் பாஸ் பண்ணினாங்க!"