நீர்நாயை விற்றவர்

"வெட்கமா இல்லையா தலைவரே உங்களுக்கு?"

காலைக் கூட்டத்தில் பதினோரு பேர் நின்றுகொண்டிருக்க, தோகியே கேட்டே விட்டாள்.

ஒசாகாவில் அந்தச் சின்ன வீடியோ கேம் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் படம் வரைகிறவள். படகோட்டும் நீர்நாய் அவள் கையில்தான் பிறந்தது. அதை வைத்து வந்த மூன்று விளையாட்டுகளும் எல்லாக் கம்பெனிகளின் கேம் மெஷின்களிலும் ஓடின. கையில் காசு தீர்ந்துபோயிருக்க, நான்காவதுக்குப் பணம் போட வந்தது ஒரு பெரிய கம்பெனி. அவர்களுடைய மெஷினில் மட்டும்தான் அது ஓடும் என்று தலைவர் ஹிராசே முந்தாநாள் அறிவித்திருந்தார்.

"நேத்து கடைத்தெருவுல ஒரு அம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'எம்பொண்ணு நாலு வருஷமா காத்திருக்கா. எங்க வீட்டுல இருக்கறது வேற மெஷின். இன்னொண்ணு வாங்க பேங்க்கையா கொள்ளையடிக்கறது?'ன்னு கேட்டாங்க. தலை நிமிர முடியல எனக்கு!"

"அக்கா, விடுங்க..." பக்கத்தில் நின்ற இளையவள் உசாமி அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இருடி. வாயில சுடச்சுட தகோயாகி உருண்டையா வச்சிருக்கார்? பதில் சொல்லட்டும். விளையாட்டை வித்தீங்க, என் நீர்நாயையும் சேர்த்துத்தானே வித்தீங்க?"

ஹிராசே முன்னால் வந்தார். இடுப்பு வரை குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க."

வெகுநேரம் நிமிரவில்லை.

குற்றமில்லாத மனுஷன் இவ்வளவு தாழக் குனிவானா? எல்லார் முகமும் அதைத்தான் சொன்னது. தோகியே ராஜினாமாக் கடித உறையை அவர் மேஜையில் வைத்துவிட்டு, தூரிகைப் பெட்டியோடு படியிறங்கினாள்.

வாசலில் அந்தப் பெரிய கம்பெனியின் ஆள் நிவா எதிரே வந்தார்.

"நீங்கதானே தோகியே? நீர்நாயைப் பெத்த தாய்!"

"அதான் வாங்கிட்டீங்களே. இனி நீங்களே வளர்த்துக்குங்க."

"வாங்கவா? எங்கே விட்டார் உங்க தலைவர்!" நிவா சிரித்தார். "நீர்நாயோட உரிமையை எங்க பேருக்கு எழுதிக் குடுங்க, விளையாட்டை எந்த மெஷின்ல வேணும்னாலும் விட்டுக்குங்கன்னுதான் முதல்ல சொன்னோம். முடியவே முடியாதுன்னுட்டார். அதுக்குப் பதிலாத்தான் எங்க மெஷின்ல மட்டும்னு ஒத்துக்கிட்டார். ஊரே அவரைத் திட்டுது, பாவம்."

தோகியேவுக்குக் காதெல்லாம் சுட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். சொல்லக் கூடாதுன்னார். ஒப்பந்தத்துல முத்திரை குத்தியாச்சு, இனி என்ன, சொல்றேன். 'சொன்னா, கம்பெனி பொழைக்கட்டும்னு தோகியேவே நீர்நாயை எடுத்துக் குடுத்துடுவாங்க. அந்தக் கை அப்புறம் எதையுமே வரையாது'ன்னார்."