உள்ளங்கையில் ஓர் இரைப்பை

"கையைக் குடு," என்றார் மா சங்வூக்.

அவர் மனைவி ஒக்சுன் கொடுத்தாள். கொடுக்காவிட்டால் அவரே எடுத்துக்கொள்வார்.

ஜொன்ஜு நகர ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் காலை எட்டு மணிக்கு. அதில் இருவரும் ஏறியாக வேண்டும். அவர் இன்னும் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டு மேசையில் சோறில்லை, சூப்பில்லை, கிம்ச்சி ஊறுகாய்கூட இல்லை. கைப்படம் ஒன்று மட்டும் விரித்துக் கிடந்தது. அதில் நடுவிரல் நுனிதான் தலை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் கால்கள். உள்ளங்கை நடுவில் தொப்புள், சற்று மேலே இரைப்பை. முழு ஆள் ஒருவன் கைக்குள் மல்லாந்து படுத்திருந்தான்.

அவனாவது படுத்திருக்கிறானே என்று ஒக்சுனுக்குத் தோன்றியது.

மா சங்வூக் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் குழாய்களில் எங்கே அடைப்பு என்று தேடியே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு அடைப்பில்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. முதியோர் மன்றத்தில் கையழுத்த வைத்தியம் படித்தார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கிம்ச்சி ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினார்.

லிஃப்டில் கீழ்வீட்டுக்காரி தலை குனிந்து வணங்கினால், "உங்க சுண்டுவிரல் ஏன் இப்படி வெளுத்திருக்கு?" என்பார். கீழ்வீட்டுக்காரி இப்போதெல்லாம் படியேறிப் போகிறாள்.

சொந்தப் பல்வலிக்கும் விரலைத்தான் அழுத்தினார். கன்னம் வீங்கியது. பல் டாக்டரிடம் போகலாம் என்ற மனைவியோடும் மகளோடும் பேச்சை நிறுத்தினார். கடைசியில் பல் தானாகவே விழுந்தது. அதையும் குணமான கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வைத்தியக் குச்சியின் மழுங்கிய முனையால் ஒக்சுனின் உள்ளங்கையை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

வலிக்கவில்லை. இல்லை என்றால் இன்னும் ஆழமாகத் தேடுவார்.

"பாத்தியா. ஒரு வாரமா தூங்காம புரள்றியே, இங்கதான் அடைச்சிருக்கு. இதுக்குப் போயி வாய்க்குள்ள குழாயை விட்டுப் பாக்குறானுங்களாம். குழாயைப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டானுங்க."

சொல்லிவிட்டு நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. வைத்தியம் பார்க்கிறவன் ஏப்பம் விட்டால், கை கொடுத்தவரின் அடைப்பு இறங்குகிறது. இரண்டு மாதமாக ஒக்சுனின் அடைப்பு வேளை தவறாமல் அவர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. உழைப்பில் ஆள் இளைத்துக்கூடப் போய்விட்டார். பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டுக்கொண்டு, "வைத்தியன் உடம்பு கரையத்தான் செய்யும்," என்றார்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வருஷாந்தரப் பரிசோதனைக்கு இருவரும் போய்வந்ததன் முடிவு. எடுத்தவள் ஒக்சுன். இரைப்பையை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம், வெறும் வயிற்றோடு வர வேண்டுமாம், துணைக்கு ஆளும் வேண்டுமாம்.

"நான் பட்டினி கிடக்க, எதிர்ல உக்காந்து நீங்க சூப்பை உறிஞ்சுவீங்களா?" என்று நேற்றே கேட்டுவிட்டாள். அவரும் பட்டினிக்குச் சம்மதித்தார். போருக்குப் புறப்படுகிறவர் போல மகளுக்குப் போன் போட்டு அந்தத் தியாகத்தை அறிவித்தார்.

இப்போது பசி தியாகத்தை ஜெயித்துக்கொண்டிருந்தது.

கோதுமை மணி அளவு வெள்ளி உருண்டைகளைப் பிளாஸ்திரியோடு அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக ஒட்டினார்.

"வரலைன்னு போன் பண்ணிடு. இந்த உருண்டை போதும், நானே இறக்கிடறேன். ரெண்டு பேரும் சூடா கஞ்சி குடிப்போம்."

ஒக்சுன் கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டும்.

"சரிங்க, பண்ணிடறேன். அந்த டாக்டர்தான் பாவம். சின்ன வயசு. கையைத் தொட்டே பாக்க மாட்டாராம்."

உருண்டை ஒட்டிய கை நின்றது.

"தொடாமலா?"

"கம்ப்யூட்டரைத்தான் பாப்பாராம். யாராவது விவரம் தெரிஞ்சவங்க எடுத்துச் சொன்னாத்தானே அவருக்கும் தெரியும்."

மா சங்வூக் சற்று நேரம் சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். பிறகு கைப்படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார்.

"என் நீல டை எங்க?"

"ரெண்டாவது இழுப்பறைல."

அவர் அறைக்குள் போனதும் ஒக்சுன் சமையலறைக்குள் வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். நேற்றைய சோற்றைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். நின்றபடியே அள்ளி அள்ளி வாயில் போட்டாள். உள்ளங்கை உருண்டைகள் இடறி ஸ்பூன் வழுக்கியது.

ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது. மகள் ஹேரின். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா எதுவும் சாப்பிடலையே?"

"தண்ணிகூடக் குடிக்கல," என்றாள் ஒக்சுன், வாயில் சோற்றோடு.

"இங்க வந்ததும், பரிசோதனை அவருக்குத்தான்னு எப்படிம்மா சொல்றது?"

"நீ சொல்லு. என்னால பஸ்ல ஏத்தத்தான் முடியும்."

அறைக்குள்ளிருந்து நீளமாக ஓர் ஏப்பம் கேட்டது.

"கேட்டியா? உனக்கு இறங்குது," என்றார் மா சங்வூக்.

ஒக்சுன் வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"ஆமாங்க. லேசாத்தான் இருக்கு."

கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கழுவிக் கவிழ்த்தாள்.