முதல் ஊசி

"ஊசி குத்தினா பிள்ளை பிறக்கும்னா, தையல்காரன் வீட்டுத் தொட்டில் காலியாவே இருக்காதே."

இந்த வாரத்தில் மாமியார் இதைச் சொல்வது மூன்றாவது முறை.

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "டாக்டர் கொடுத்த மாத்திரையோட அக்குபங்சரையும் பார்க்கலாம்னுதான் அத்தை."

"ரெண்டு மாசமா பார்க்கிற. என் மகனுக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கான். குறை யாருக்குன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"எனக்குத்தான் அத்தை. முதல் நாளே சொன்னேனே."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்கிறவளிடம் சண்டையை எப்படித்தான் வளர்ப்பது? மாமியாருக்கு நாக்கு நமநமத்தது. திரும்பிப் பார்த்தால், மேஜைமேல் மருமகளின் போன். மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல சாக்கு. கொடுக்கிற மாதிரி போய், அந்த ஊசிக்காரம்மாவை நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம்.

கேட்கப் போகிறவளுக்கே ஊசி என்றால் உயிர் போய்விடும் என்பது வேறு விஷயம். போன வருஷம் ரத்தப் பரிசோதனைக்குப் போய், பஞ்சைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தவள். மகனும் அப்படியே. தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சேலை.

மருந்துக் கடைக்கு மேலே மாடி அறை. படியேறியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மருமகளின் செருப்புக்குப் பக்கத்தில் மகனின் கறுப்பு ஷூ. காலையில் மாமியாரே தன் கையால் பாலிஷ் போட்டது. ஆபீஸில் எட்டு மணிவரை மீட்டிங் என்றானே?

உள்ளே பச்சைத் திரை. அதற்குப் பின்னாலிருந்து மகனின் குரல்.

"முதல்ல அவளுக்கு."

திரை இடுக்கில் கண்ணை வைத்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டில். ஊசிக்காரம்மா உறையைக் கிழித்து, முடி மாதிரி ஓர் ஊசியை மருமகளின் கணுக்காலுக்கு மேலே வைத்துத் தட்டினாள்.

"வலிச்சுதா?" என்றான் மகன்.

"எறும்பு இதைவிட நல்லாக் கடிக்கும். இப்ப உங்களுக்கு."

அதே இடத்தில், இன்னொரு புது ஊசி, மகனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டான். அடுத்து முழங்கால். முதலில் அவள், பிறகு அவன்.

"ரெண்டு மாசமாச்சு, இன்னும் பயம் போகலையா?" என்றாள் ஊசிக்காரம்மா. "வைத்தியம் உங்களுக்கு. ஒரு குறையும் இல்லாத பொண்ணு உங்களுக்காகக் குத்திக்கிறா."

"நானும் அதைத்தான் சொல்றேன். வீட்ல அம்மா பேச்சு வேற." மகன் மனைவி பக்கம் திரும்பினான். "இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிடறேன், குறை எனக்குத்தான்னு."

"வேண்டாங்க. என்னைத் திட்டும்போது அத்தை குரல் எப்படிக் கணீர்னு இருக்கு. உங்க விஷயம் தெரிஞ்சா அந்தக் குரலே உள்ளே போயிடும். அவங்க பேச்சும் எனக்கு எறும்புக்கடிதான்."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மயங்கி விழவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் இரண்டு உடம்பிலும் ஊசிகள் ஜோடி ஜோடியாக மின்னின. எண்ணினாள். அவனுக்கு ஒன்பது, அவளுக்கு ஒன்பது. அத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் முகம், கைக்குழந்தை தூங்குகிற மாதிரி கிடந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை என்னென்னவோ பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மருமகளுக்கான பத்தாவது ஊசியின் உறை கிழிந்தது.

மாமியார் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டூலை இழுத்து, மருமகளின் கட்டிலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"அவளை விட்டுடுங்கம்மா. இதை முதல்ல எனக்குக் குத்துங்க."

ஊசிக்காரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. மருமகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"சீக்கிரம் குத்துங்கம்மா, நான் மயங்கறதுக்குள்ளே."